நாற்றமில்லாத ஃபிக்ஸர்

"ஒண்ணு அந்த நாத்தம் போகணும், இல்ல அந்த ரூம் போகணும்" என்றாள் என் மனைவி.

மூன்றாவதாகப் போகக்கூடியது ஒன்றும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டு, வாசல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள். ஒன்று குளிப்பதற்கு. மற்றது, நான் ஃபிலிம் கழுவுவதற்கு. அதன் ஜன்னலில் கறுப்பு அட்டை ஒட்டியிருப்பேன். கதவிடுக்கில் பழைய போர்வை. குழாய்க்கு மேலே சிவப்பு பல்பு. ஊரே செல்போனில் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது உனக்கெதற்கு ஃபிலிம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள்.

"ஃபிலிம்ல ஒரு ஆழம் இருக்கு" என்றேன்.

"பக்கெட்லயும்தான் இருக்கு. அதுல யாரும் நாள் முழுக்கத் தலையை விட்டுக்கிட்டு நிக்கல" என்றாள்.

நான் தீத்தடுப்பு ஆய்வாளர். தொழிற்சாலை, கிடங்கு, கேன்டீன் என்று ஏறி இறங்கி, தீயணைப்புக் கருவி காலாவதியாகிவிட்டதா, அவசர வழியை அட்டைப்பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக் குறை சொல்லும் வேலை. காலையிலிருந்து மாலை வரை பயப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபிறகு பயப்படுவது இலவசம். இதற்கு நடுவில் எனக்கு நிம்மதி கிடைக்கும் ஒரே இடம் அந்த இருட்டறைதான். சிவப்பு வெளிச்சத்தில், தண்ணீருக்கு அடியில், வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மேலே வரும்போது, உலகத்தில் எதுவும் பற்றிக்கொள்ளாது என்று ஒரு நம்பிக்கை வரும்.

ஆனால் அந்த முகம் அழியாமல் நிற்க வேண்டுமென்றால் ஃபிக்ஸர் வேண்டும். படத்தை வெளிச்சம் தின்றுவிடாமல் நிறுத்திவைக்கும் திரவம் அது. அதன் வாசனையை எப்படிச் சொல்வது? வினிகருக்குள் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டு, மூடிவைத்து, மறந்துபோய், பிறகு திறந்தால் எப்படியோ அப்படி.

"பிக்சர் வேணும்னா தியேட்டர்ல போய்ப் பாருங்களேன்" என்பாள்.

"பிக்சர் இல்லம்மா, ஃபிக்ஸர்."

"ரெண்டுலயும் கடைசியில தலைவலிதான்."

இந்தத் தடவை அவள் வெறுமனே சொல்லவில்லை. கூடத்தின் நடுவில் ஆதாரம் நின்றுகொண்டிருந்தது. என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், தங்கைக்கு ஒரு வாஷிங் மெஷின் அனுப்பியிருந்தார். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல், என் இருட்டறைக் கதவைப் பார்த்தபடி அது நின்றது. காலி செய்யச் சொல்லி வந்து நிற்கும் புது வாடகைக்காரன் மாதிரி.

"அண்ணன் வர்றதா சொல்லியிருக்காரு. வந்து, இது ஏன் இன்னும் அட்டைக்குள்ளயே இருக்குன்னு கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க."

மச்சான் பளு தூக்கும் பயிற்சியாளர். அவரிடம் பேசும்போது நான் எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை.

தமிழில் மணம் என்றால் கல்யாணம். மணம் என்றால் வாசனை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் என் வீட்டை முன்கூட்டியே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். என் மனைவியின் மூக்கு அப்படி. நான் கதவைச் சாத்தி, போர்வையைத் திணித்து, காற்றாடியை ஓடவிட்டு, பூனை மாதிரி வேலையை முடித்துக்கொண்டு வெளியே வருவேன். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். தலை நிமிரமாட்டாள்.

"இன்னிக்கு ரொம்ப அதிகம்" என்பாள்.

சில நாள், "இன்னிக்குப் பரவாயில்ல" என்பாள். அன்றைக்குப் பார்த்தால் நிஜமாகவே நான் கொஞ்சமாகத்தான் கலந்திருப்பேன். எங்கள் கம்பெனியில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவிகள் விதவிதமாக இருக்கின்றன. ஒன்றுக்கும் இந்தத் துல்லியம் கிடையாது. நான் இருட்டறைக்குள் போகலாமா என்று யோசிக்கும்போதே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று நான் நம்பினேன். உள்ளே போகும்போதே கை நடுங்கும். டேங்கில் ஃபிலிமைச் சுற்றும்போது காது முழுக்க வெளியே இருக்கும்.

அறையைக் காப்பாற்ற ஒரே வழி, நாற்றமில்லாத ஃபிக்ஸர். தீர்மானம் எடுத்தேன். சின்ன வயதில் ஒருமுறை, பெரியவனானதும் விமானம் ஓட்டுவேன் என்று எடுத்த தீர்மானத்துக்கு அப்புறம் நான் எடுத்த பெரிய தீர்மானம் இதுதான்.

ஃபிலிம் சாமான் விற்கும் கடை ஊரில் ஒன்றுதான் மிச்சம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"நாத்தம் இல்லாத ஃபிக்ஸர் இருக்கா?" என்றேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"ஆயிடுச்சு."

"அப்ப இருக்கு."

ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "நீங்க போடறது பழைய வகை. அதுல அசிட்டிக் ஆசிட் இருக்கு. அந்த வினிகர் வாடை அதோடதுதான். இது நியூட்ரல். ஆசிட் வாடையே கிடையாது."

"சுத்தமா நாத்தம் இருக்காதா?"

"லேபிள்ல 'லோ'ன்னு போட்டிருக்கான் சார். 'நோ'ன்னு போடல."

"என் வீட்ல 'லோ'வுக்கெல்லாம் 'நோ'தான்."

"அப்ப கடவுள் விட்ட வழி" என்று சொல்லிப் பாட்டிலைத் தாளில் சுற்றினார்.

அதைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். வெடிமருந்துக் கிடங்கைச் சோதனை போடும்போதுகூட என் கால் அப்படிப் பின்னியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு துண்டு ஃபிலிமை வெட்டிப் புதுத் திரவத்தில் போட்டுப் பார்த்தேன். பால் மாதிரி மங்கலாக இருந்த துண்டு, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. வேலை செய்கிறது. குனிந்து மோந்தேன். ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. நாற்றத்தால் அல்ல, சந்தோஷத்தால்.

உடனே முழு வேலையில் இறங்கினேன். முதலில் படத்தை எழுப்பும் டெவலப்பர், அப்புறம் அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், அப்புறம் புது ஃபிக்ஸர். ஒரு படம், இரண்டு படம் போனது. மூன்றாவதில் எங்கிருந்தோ அதே பழைய வாடை எழும்பி வந்து தொண்டையைப் பிடித்தது. இருமினேன். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமினேன். வெளியே வந்தேன்.

"எதையோ புதுசா மாத்தியிருக்கீங்க போல" என்றாள். "பழசே தேவலாம்."

மறுநாள் கடைக்காரரிடம் போய் நின்றேன். முழுக் கதையையும் சொன்னேன்.

"ஸ்டாப் பாத் எது போட்டீங்க?"

"பழசுதான்."

"அதுவே வினிகர்தானே சார். தாள் அந்த ஆசிட்டைச் சுமந்துக்கிட்டுப் போய்ப் புது ஃபிக்ஸர்ல இறக்கி வைக்குது. ஆசிட் விழுந்தா அதுவும் நாறத்தான் செய்யும். நடுவுல ஸ்டாப் பாத்தே வேண்டாம். வெறும் தண்ணியில நல்லா அலசிட்டு ஃபிக்ஸர்ல போடுங்க."

"வெறும் தண்ணியா?"

"தண்ணிதான். அது என் கடையில கிடைக்காது. வீட்டுக் குழாய்ல பாருங்க."

அலசினேன். நான் அலசிய அலசலில் தண்ணீருக்கே அலுத்துப்போயிருக்கும். இந்தத் தடவை நாற்றம் வரவேயில்லை. ஆனாலும் எனக்கு என் மூக்கின்மேல் நம்பிக்கையில்லை. எதிர் வீட்டு பல் டாக்டரைக் கூப்பிட்டேன். மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"என்ன சார், யாரையாவது கொன்னுட்டீங்களா?" என்றார்.

"மோந்து பாருங்க."

பயந்துகொண்டே மோந்தார். சுற்றிச் சுற்றி மோந்தார். "ஒண்ணும் தெரியலையே. என் கிளினிக்கைவிட நல்லாத்தான் இருக்கு."

"நிச்சயமா?"

"சார், மனுஷன் வாய்க்குப் பக்கத்துலயே இருபது வருஷமா மூக்கை வச்சுக்கிட்டிருக்கேன். என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அன்றைக்கு மனைவி வந்தாள். நான் வெளியே வந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "இன்னிக்குப் பரவாயில்லையே" என்றாள். நான் வாஷிங் மெஷின் பெட்டியை லேசாகத் தட்டிக் கொடுத்தேன். தோற்றுப்போனவனிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டுமல்லவா?

அந்தப் பெருந்தன்மை அடுத்த விடுமுறை நாள் வரைக்கும்தான். அன்று எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம். அதே ஃபிக்ஸர், அதே தண்ணீர். வெளியே வந்து மூக்கை உறிஞ்சினேன், இரண்டு தடவை இருமினேன்.

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா நாத்தம்?" என்றாள். "அண்ணன்கிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன். வரும்போது பிளம்பரையும் கூட்டிட்டு வரேன்னாரு."

பல் டாக்டரிடம் ஓடினேன்.

"சார், அந்த ரூம்ல நாத்தம் கிடையாது. அதுக்கு நான் சாட்சி" என்றார் அவர். "உங்க வீட்டுல பிரச்சனை மூக்கு இல்ல. வாஷிங் மெஷின். அதை வைக்க இடம் வேணும். அதுக்கு நாத்தம்னு ஒரு பேரு."

"அவ சும்மா சொல்றான்னு சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லல. எனக்கும் வீடு இருக்கு."

அன்று முழுக்க யோசித்தேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக என் மனைவியைச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். எழுதும்போதுகூடப் பேனா நடுங்குகிறது.

திட்டம் எளிமையானது. இருட்டறைக்குள் போவேன். எல்லா மருந்தையும் மூடி கட்டி வைத்துவிட்டு, ட்ரேக்களில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு வெளியே வருவேன். அப்போதும் நாற்றம் என்று சொன்னால், பொய் வெட்டவெளிச்சமாகிவிடும்.

அப்படியே செய்தேன். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். எதிரே மூன்று ட்ரேயிலும் குழாய்த் தண்ணீர். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. தண்ணீரைச் சலசலவென்று ஆட்டி, வேலை நடப்பதாகச் சத்தம் காட்டினேன். பொய் உடைந்ததும் அவள் முகம் போகிற போக்கை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினேன். அடக்கிய சிரிப்பு எச்சிலோடு சேர்ந்து வேறு குழாயில் இறங்கிவிட்டது. ஒரு பெரிய இருமல். அதன் பின்னால் அதன் உறவினர்கள் எல்லோரும். கண் பிதுங்கி, மூஞ்சி சிவந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"ஐயோ, தாங்கல" என்றாள். எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்தாள். "இன்னிக்கு மாதிரி என்னிக்குமே இல்ல. என்னத்தைக் கலக்கறீங்க உள்ள?"

தண்ணீர். குடிக்கிற தண்ணீர்.

மாட்டிக்கொண்டாள். ஆனால் பாருங்கள், ஆதாரம் கையில் இருக்கிறது, வாயைத் திறக்கத்தான் தைரியமில்லை. உண்மையைச் சொன்னால், சோதித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சோதித்தேன் என்று சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வேலை ஓடவில்லை. ஒரு கிடங்கில் காலாவதியான தீயணைப்புக் கருவியைப் பார்த்து, "ஏம்மா, என்கிட்ட மறைக்கலாமா?" என்று சொல்லிவிட்டேன். கிடங்குக் காவலாளி என்னை நிழலில் உட்காரவைத்தார். இன்றைக்குப் பேசியே தீருவது என்று முடிவெடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினேன். வழி முழுக்க ஒத்திகை. "நான் ஒண்ணும் கோபமா கேக்கல" என்று தொடங்க வேண்டும். இல்லை, "எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்க வேண்டும்.

மாடிப்படியில் பாதி ஏறியதும் ஒத்திகை நின்றுவிட்டது.

கேஸ்.

என் தொழிலில் மற்ற எதில் தப்பு செய்தாலும் இந்த வாடையில் தப்பு செய்யமாட்டேன். ஒவ்வொரு படியாக ஏற ஏற அது கூடிக்கொண்டே வந்தது. எங்கள் வாசலில் வந்து நின்றது. அழைப்பு மணியில் கை வைக்கப்போய், சட்டென்று இழுத்துக்கொண்டேன். மணியிலிருந்து ஒரு பொறி போதும். சாவியைப் போட்டேன். இரண்டாவது தடவைதான் உள்ளே போனது.

கூடம் முழுக்க வாடை. சமையலறை மேடைக்கு முன்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, மேடை முழுக்க ஓடியிருந்தது. அதை நிதானமாகத் துடைத்து முடித்துவிட்டுத் துணியை ஓரமாக வைத்தாள். லைட்டரைக் கையில் எடுத்தாள்.

"வேணாம்" என்றேன். கத்தினேனா, முணுமுணுத்தேனா என்று தெரியவில்லை. பாய்ந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். லைட்டரைப் பிடுங்கினேன். அடுப்பின் குமிழைத் திருகினேன், சிலிண்டரை மூடினேன். அவளை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஜன்னல், கதவு, பால்கனி எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. இருவரும் வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம்.

அவள் என்னையே பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"கேஸ். வீடு முழுக்கக் கேஸ். பால் பொங்கித் தீயை அணைச்சிருக்கு. கேஸ் வந்துக்கிட்டே இருந்திருக்கு. நீ லைட்டரைப் பத்த வைக்கப்போறே."

"அண்ணன் ஃபோன் பண்ணாரு, பேசப் போயிட்டேன். வந்து பார்த்தா தீ எரியல. அணைச்சுட்டுத்தான் போயிருக்கேன்னு நினைச்சேன்."

"நாத்தம் தெரியலையா உனக்கு?"

கையில் ஒட்டியிருந்த பாலைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"எந்த நாத்தம்?" என்றாள்.

தண்ணீர்ச் சோதனை, ஒத்திகை, ஆதாரம் எல்லாம் என் தலைக்குள் ஒன்றோடொன்று மோதிக் கீழே விழுந்தன.

"எப்போலருந்து?"

"போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சே. அதுக்கப்புறம். காய்ச்சல் போச்சு, வாசனையும் கூடவே போச்சு. சோப்பு தெரியாது, பூ தெரியாது. சாப்பாடு வெறும் சூடு, வெறும் உப்பு."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். "பயந்திருப்பேன்" என்றேன்.

"அதான். ஒரு வீட்டுக்குப் பயப்பட ஒரு ஆள் போதும். நீங்க பயந்து, உங்களைப் பார்த்து நான் பயந்து, அப்புறம் யாரு யாரைத் தேத்தறது? தானா சரியாயிடும்னு இருந்துட்டேன்."

ஒரு வருஷமாக எதுவும் மணக்காத வீட்டில் இவள் நடமாடியிருக்கிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து அறையில் அவளுடைய மூக்குக்குப் பயந்து கை நடுங்கியிருக்கிறேன். அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"அப்ப, ஃபிக்ஸர் நாத்தம்னு சொன்னியே?"

"நீங்க இருமினீங்க."

"என்னது?"

"உள்ள கதவைச் சாத்திக்கிட்டு எதையோ கலக்கறீங்க. அது நல்லதா கெட்டதான்னு எனக்கு எப்படித் தெரியும்? மோந்து பார்க்கவும் முடியாது. வெளிய வரும்போது பார்ப்பேன். கண்ணு சிவந்திருந்தா, இருமினா, நாத்தம் அதிகம். சும்மா வந்தீங்கன்னா, பரவாயில்ல. இருமாதீங்க, உடம்புக்கு ஆகாதுன்னு சொன்னா கேப்பீங்களா? நாத்தம்னு சொன்னாத்தானே மாத்தறீங்க."

துல்லியமான கருவி என்று நான் நடுங்கியது அவளுடைய மூக்கை அல்ல. என் தொண்டையைத்தான்.

"நேத்துகூடப் பாருங்க, அப்படி இருமினீங்க. நான் ராத்திரி பூரா தூங்கல" என்றாள்.

நேற்று உள்ளே இருந்தது தண்ணீர் என்பதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வாடை முழுக்கப் போன பிறகு உள்ளே வந்தோம். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பயம் தெளிந்ததும் எனக்குள் இருந்த ஆய்வாளர் எழுந்துவிட்டார். கேஸ் என்றால் என்ன, காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படரும், அதில் வாடையைச் சேர்த்து வைப்பதே மனிதன் தப்பித்துக்கொள்வதற்குத்தான் என்று கேன்டீன் ஊழியர்களுக்கு எடுக்கும் வகுப்பை அப்படியே எடுத்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசி அவள் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை.

முடித்ததும் அவள் கேட்டாள். "வாசனை தெரியாத ஆளைக் கேஸ் பக்கத்துல வேலைக்கு விடலாமா?"

"விடவே கூடாது."

"அது ரூலா?"

"ரூல்தான். எத்தனை கேன்டீன்ல நானே சொல்லி ஆளை மாத்தியிருக்கேன்."

"அப்ப யாரை நிக்க வைக்கணும்?"

"நல்ல மூக்கு உள்ள ஆளா பார்த்து வைக்கணும். கவனமான ஆளா, கொஞ்சம் பயந்த சுபாவமா இருந்தா இன்னும் விசேஷம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. லைட்டர் மேஜைமேல் இருந்தது. அவள் அதை ஒரு விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

நான் பேச்சை மாற்றினேன். "அப்ப என் இருட்டறையை ஒண்ணும் பண்ணமாட்டேதானே? நாத்தம்னு பிரச்சனையே இல்லையே?"

"ஒண்ணும் பண்ணல. மெஷின் பால்கனியில போகட்டும். அங்க இடம் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"உங்களை வேற எதைச் சொல்லி மிரட்டறது?" என்றாள். பிறகு, "அந்தப் புது ஃபிக்ஸர் நிஜமாவே நல்லதுதானா?" என்று கேட்டாள்.

எனக்குப் பிடித்த விஷயம். உற்சாகம் வந்துவிட்டது. "ரொம்ப நல்லது. ஆசிட் வாடையே கிடையாது. காற்றாடியை ஓடவிட்டா போதும். பல் டாக்டரே மோந்து பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாரு."

"அங்க தீ, அடுப்பு?"

"தண்ணியைத் தவிர வேற எதுவும் கிடையாது."

"மூக்கு தேவைப்படாத வேலை?"

"மூக்குக்கு அங்க வேலையே இல்லம்மா."

"அப்ப சரி" என்றாள். "நீங்க சாயந்திரம் அடுப்புகிட்ட நிக்கும்போது நான் சும்மா உக்காந்திருக்க முடியுமா? அந்த இருட்டு ரூம்ல நான் நின்னுக்கறேன்."

மறுத்திருக்கலாம். என் தொழில் ரூலை நானே மீறியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சமையலறையில் சிலிண்டர் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். நரம்பு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம், தினமும் நாலைந்து வாசனைகளை முகர்ந்து பழக்குங்கள் என்றார். காப்பித்தூள், எலுமிச்சை, சோப்பு, கிராம்பு என்று காலையில் அவள் முன்னால் வரிசையாக நீட்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் எலுமிச்சையில் மட்டும் ஒரு நிமிஷம் தயங்கினாள். "என்னவோ தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அன்று முழுக்க எனக்கு எதையும் குறை சொல்லத் தோன்றவில்லை. மூன்று கிடங்குகள் பிழைத்துப்போயின.

மச்சான் வந்தார். வாஷிங் மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பால்கனியில் வைத்தார். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நல்லா பழகிட்டீங்களே மாப்பிள்ளை" என்றார். நான், "அது வந்து..." என்றேன்.

இருட்டறைக்குள் என் மனைவி போய்விட்டால் சத்தமே வருவதில்லை. எனக்கு இருக்கும் பதற்றம் அவளுக்குக் கிடையாது. கை நடுங்குவதில்லை, தாளைப் பாதியில் எடுத்துப் பார்ப்பதில்லை, இன்னும் கொஞ்சம் என்று அலசிக்கொண்டே இருப்பதில்லை. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் விழுகிறது. ஃபிலிம் கடைக்காரர் அவள் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடியும் பார்த்தார். "சார், நீங்க இவ்வளவு நாள் எதுக்கு இதைப் பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

அவள் தானே எடுத்து, தானே கழுவி, தானே போட்ட முதல் பெரிய படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சமையலறையில், கையில் கரண்டியோடு, ஆவிக்கு நடுவில் நான்.

வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, போஸ் கொடுத்த மாதிரியே இல்லை, அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி இருக்கிறீர்கள் என்கிறார்கள்.